பாத்திரம் வைக்கக் கூடாத பிரிமணை

உணவு மேசைமேல் இருக்கும் பொருள் தேய்ந்துபோனால் அதைத் தேய்ந்தபடியே பயன்படுத்துவது, அல்லது பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவது என்னும் இரண்டே நெறிகள் தமிழ் இல்லங்களில் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. அவ்விரண்டாலும் எவருடைய சாப்பாடும் கெட்டதில்லை. பசை, லேஸ், சம்கி, சணல் கயிறு ஆகியவற்றின் துணையோடு மூன்றாவது நெறியாகிய புதுப்பித்தல் நுழைந்த பிறகுதான், சாப்பிடுவதற்கென்று வாங்கப்பட்ட மேசையில் சாப்பாட்டுக்கு இடம் தேட வேண்டிய நிலையும், பசித்தவர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சோபாவுக்குக் குடிபெயர வேண்டிய நிலையும் ஏற்பட்டன. இக்கலையைப் பற்றிய செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் செய்பவரின் மகிழ்ச்சியையே கருத்தில் கொண்டு எழுதப்படுகின்றன. செய்து முடித்த பொருளுக்கு எதிரே தினமும் மூன்று வேளை உட்கார்ந்து, அதன்மேல் ஒரு சொட்டு மோரும் சிந்தாமல் சாப்பிட வேண்டியவரின் பாடு அவற்றில் இடம்பெறுவதில்லை.

குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நிறம் மங்கிய டேபிள் மேட், மூடி தொலைந்த கண்ணாடி பாட்டில், விளிம்பு சிதைந்த பீங்கான் தட்டு ஆகிய மூன்றையும் பெருஞ்செலவின்றி, துடைத்தால் துடைபடும் வகையிலும் சூடு பட்டால் சேதமுறாத வகையிலும் புதுப்பிக்கும் முறையொன்று உண்டு. அம்முறை இறுதிப் பகுதியில் படிப்படியாக விளக்கப்படும். ஆயினும் அம்முறையின் அருமை விளங்க வேண்டுமாயின் ஏனைய முறைகளின் சிறுமை ஓரளவேனும் விளங்கியிருக்க வேண்டும் என்பதால், சில அடிப்படைச் செய்திகளை மிகச் சுருக்கமாகக் கூறிச் செல்வது இன்றியமையாததாகிறது.

முதலில் களத்தின் இயல்பு. தமிழ் இல்லத்து உணவு மேசை என்பது ஊறுகாய் பாட்டில்கள், இரத்த அழுத்த மாத்திரைகள், மின்கட்டண அட்டை, செல்பேசி சார்ஜர், தேதி கடந்த கல்யாணப் பத்திரிகை, ரப்பர் பேண்டு போட்ட மிக்ஸர் பொட்டலம் ஆகியவை நிலையாகத் தங்கியிருக்க, அவற்றின் இடுக்கில் மனிதர் உண்பதற்கு அனுமதிக்கப்படும் ஒரு பரப்பாகும். அப்பரப்பு பல அடுக்குகளால் ஆனது. மரத்தில் கீறல் விழாமல் இருக்க அதன்மேல் துணி விரிப்பு. துணி அழுக்காகாமல் இருக்க அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பு. பிளாஸ்டிக்கில் சூடு படாமல் இருக்க அதன்மேல் டேபிள் மேட். டேபிள் மேட்டில் கறை படாமல் இருக்க அதன்மேல் நேற்றைய செய்தித்தாள். தட்டு கடைசியில் வந்து அமர்வது செய்தித்தாளின்மேல்தான் என்பதால், முதலிலேயே செய்தித்தாளை மட்டும் விரித்திருந்தால் போதுமே என்று கேட்பவர் குடும்ப வாழ்க்கையைப் பற்றி அறியாதவர். இவ்வடுக்குகளுள் தேய்வது எப்போதும் டேபிள் மேட்டாகவே இருக்கிறது. ஆதலால் கைவேலையின் முதல் பார்வையும் அதன்மேலேயே விழுகிறது. ஓரத்தில் லேஸ் வைத்து, நடுவில் துணிப் பூ ஒட்டி, நான்கு மூலைகளிலும் குந்தன் கல் பதித்தபின், தட்டு ஆடாமல் நிற்கக்கூடிய சமதளம் அதில் எங்குமே எஞ்சுவதில்லை என்பது கண்கூடு.

இரண்டாவதாகக் கருதத்தக்கது கோஸ்டர், அதாவது குவளையின் அடியில் வைக்கப்படும் சிறு வட்டில். குளிர்ந்த பானத்தின் குவளை வெளிப்புறம் வியர்த்து மேசையில் நீர்வட்டம் பதிக்கும் நாடுகளில் அதற்கு ஒரு வேலை உண்டு. டம்ளரோடு டபராவும் சேர்ந்தே பிறக்கும் வீட்டில், டபராவே சிந்துவதைத் தாங்குகிறது, சூட்டைத் தாங்குகிறது, ஆற்றவும் பயன்படுகிறது, கழுவவும் படுகிறது. இத்தனை பணிகளைச் செய்யும் ஒரு பொருளின் அடியில் மேலும் ஒரு பொருளை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆயினும் 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, பாட்டுக் கேட்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், கம்பளி நூல் சுற்றப்பட்டு கோஸ்டராக மறுபிறவி எடுத்திருக்கிறது. 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் கொண்ட அத்தகட்டின் நடுவே 15 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளை உண்டு. சிந்தும் காப்பி எவ்விடத்தில் தேங்குமோ மிகச் சரியாக அவ்விடத்திலேயே வடிந்து மேசையை அடைய அத்துளை வழிசெய்கிறது. மேசையைக் காக்க வந்த பொருள் மேசைக்கு வாய்க்கால் வெட்டித் தருவதைக் கைவேலை நூல்கள் ஒரு குறையாகக் கருதுவதில்லை. அத்துளையின்மேல் ஒரு சம்கிப் பூவை ஒட்டினால் அழகாக இருக்கும் என்பதோடு அமைகின்றன.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க இயலாதது பிரிமணை.

பிரிமணை என்பது வைக்கோல் புரியையோ கயிற்றையோ வளையமாகச் சுற்றிச் செய்யப்படும், பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கப்படும் பொருள். மண்பானையின் அடிப்பகுதி உருண்டையாக இருந்ததால் பிரிமணை தேவைப்பட்டது. தட்டையான அடியுடைய எவர்சில்வர் பாத்திரங்கள் வந்தபின் அது சமையலறையை விட்டு மெல்ல விலகியது. ஆனால் அதே காலத்தில், சூடு தாங்காத மேற்பரப்புடைய உணவு மேசை வீட்டுக்குள் வந்ததால், உருளாமல் காப்பதற்காக இருந்த பொருள் சுடாமல் காப்பதற்காக மீண்டும் அழைக்கப்பட்டது. ஹாட் பேட் என்றும், பாத்திரம் வைக்கும் மேட் என்றும் பல பெயர்களில் அது இன்று வழங்குகிறது. பழைய பிரிமணையில் பசை இல்லை, கல் இல்லை, கண்ணாடி இல்லை. கெட்டுப்போனால் அதை அடுப்பில் போடலாம் அல்லது மாட்டுக்குப் போடலாம். புதிய பிரிமணையை அடுப்பில் போட்டால் நாறும். மாடு அதை முகர்ந்துகூடப் பார்க்காது.

கைவேலையால் செய்யப்பட்டோ புதுப்பிக்கப்பட்டோ மேசைக்கு வரும் பிரிமணைகளை அவற்றின் இயல்பு நோக்கி உருகுவன, ஊறுவன, உதிர்வன, உருள்வன, ஒட்டுவன என ஐவகையாகப் பகுக்கலாம்.

உருகுவன என்பவை சூட்டுப்பசையால் இணைக்கப்பட்டவை. சூட்டுப்பசை என்பது எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் நெகிழிப் பொருளை முதன்மையாகக் கொண்ட குச்சியை, துப்பாக்கி வடிவக் கருவியில் செருகி, மின்சூட்டால் உருக்கி, ஆறுவதற்குள் ஒட்டிவிடும் முறையாகும். விரைவில் ஒட்டும் என்பதால் வீட்டுக் கைவேலையில் அதற்கு நிகரான செல்வாக்கு வேறெந்தப் பசைக்கும் இல்லை. சூட்டால் இளகுவது அதன் பிறவிக் குணம். இளகாவிட்டால் அதை ஒட்டவே முடியாது. கைவேலைக்கென விற்கப்படும் குச்சிகள் பெரும்பாலும் கொதிநீரின் வெப்பமாகிய 100 பாகையை எட்டும் முன்பே நெகிழத் தொடங்கிவிடுகின்றன. அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார்ப் பாத்திரத்தின் அடிப்பாகமோ அந்த அளவுக்குக் குறைந்ததன்று. ஆகவே, சூட்டைத் தாங்குவதற்கென்றே வாழும் ஒரு பொருள், சூடு பட்டால் பிரிந்துபோகும் பசையால் கட்டப்படுகிறது. குறுந்தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த பிரிமணையில் குறுந்தகட்டின்மேல் குற்றமில்லை என்பதை நேர்மையின் பொருட்டுக் கூற வேண்டும்: அது செய்யப்பட்டிருக்கும் பாலிகார்பனேட் ஏறத்தாழ 147 பாகை வரை இளகுவதில்லை. தகடு தாங்குகிறது, தகட்டைத் தகட்டோடு பிணைத்த அன்புதான் உருகிவிடுகிறது.

ஊறுவன என்பவை செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, அக்குழலை வட்டமாகச் சுற்றி, வெள்ளைப் பசையால் ஒட்டிச் செய்பவையும், சணல் கயிறு, கம்பளி நூல் முதலியவற்றால் பின்னுபவையும் ஆகும். வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிட்டேட் நீரில் மிதக்கும் பால்மம். நீர் வற்றும்போது அது இறுகுகிறது, மறுபடி நீர் பட்டால் வெளுத்து மென்மையடைகிறது. ரசப் பாத்திரத்தின் வெளிப்புறமாக வழிந்திறங்கும் நீர் இதற்குப் போதுமானது. முதல் வாரம் அப்பிரிமணை அழகாக இருக்கும். இரண்டாம் வாரம் அதில் பெருங்காயம் மணக்கும். அதன்பின் அதில் மணப்பது என்னவென்று வீட்டார் தங்களுக்குள் விவாதிப்பர். கழுவலாமா என்று கேட்டால், கழுவக் கூடாது, ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும் என்று விடை வரும். சாம்பார் ஊறிய செய்தித்தாளை ஒற்றி எடுப்பது எப்படி என்பதை மட்டும் எவரும் செய்து காட்டியதில்லை.

உதிர்வன என்பவை பிஸ்தா ஓடு, உடைந்த வளையல், கண்ணாடிச் சில்லு, பாசிமணி ஆகியவற்றைப் பூவிதழ்களாக அடுக்கி ஒட்டியவை. இவ்வகையுள் பிஸ்தா ஓட்டுக்குத் தனியிடம் உண்டு. விலை உயர்ந்த பருப்பைத் தின்றதற்கான சான்றைத் தூக்கி எறிய நடுத்தர வர்க்கத்தின் மனம் இடங்கொடுப்பதில்லை என்பதால், அவ்வோடுகள் ஒரு டப்பாவில் பல மாதங்கள் சேமிக்கப்பட்டு, தாமரையாகவோ மயிலாகவோ வெளிப்படுகின்றன. உருள்வன என்பவை மரமணிகளையோ கோலிக்குண்டுகளையோ கோத்துச் செய்தவை. அவற்றின்மேல் வைத்த பாத்திரம் தானாகவே மேசையின் மறுமுனைக்குச் செல்ல முற்படுகிறது. எதற்காகப் பிரிமணை தோன்றியதோ அந்த உருளுதலையே புதிய பிரிமணை நிகழ்த்திக் காட்டுகிறது என்பது வளர்ச்சியின் ஒரு படி எனலாம். ஒட்டுவன என்பவை வார்னிஷ் சரியாகக் காயாதவையும், மேலே கூறிய உருகும் வகையுள் முதிர்ந்தவையும் ஆகும். இவை பாத்திரத்தின் அடியை விட்டுப் பிரிய மறுத்து, பாத்திரம் எங்கே சென்றாலும் உடன் செல்லும். இவ்வைந்து இயல்புகளும் தனித்தனியே நிற்க வேண்டும் என்பதில்லை; தேர்ந்த கைவேலையில் ஐந்தும் ஒரே பொருளில் அமைவதுண்டு.

அவ்வாறு ஐந்தும் அமைந்த பிரிமணை ஒன்று மிக அண்மையில், பெயர் சுட்டத் தேவையில்லாத ஓர் இல்லத்தில், விருந்து நாளன்று பயன்பாட்டுக்கு வந்தது. அடியில் குறுந்தகடு, அதன்மேல் செய்தித்தாள் சுருள், அதன்மேல் பிஸ்தா ஓட்டுத் தாமரை, ஓரத்தில் மரமணிகள், அனைத்துக்கும் மேலாக வார்னிஷ் என்னும் கட்டமைப்புடைய அதன்மேல், தாளித்த கையோடு வத்தக்குழம்புப் பாத்திரம் இறக்கப்பட்டது. சற்று நேரத்துக்குப் பின் பாத்திரத்தைத் தூக்கியபோது பிரிமணையும் கூடவே எழுந்தது. பந்தியின் நடுப்பகுதி வரை அது பற்றை விடவில்லை. பாயசக் கிண்ணத்தின் நேர்மேலே வந்தபோதுதான் உலகப் பற்றை நீத்தது. தாமரையின் இதழ்கள் பாயசத்தில் விழுந்தன. பாயசத்தில் பிஸ்தா போட்டிருக்கிறார்கள் என்று அகமகிழ்ந்து ஓட்டைக் கடித்த விருந்தினரின் கடைவாய்ப் பல் அதன் பின் பல் மருத்துவரின் பொறுப்பில் இருக்கிறது. இந்நிகழ்ச்சியில் வியப்புக்குரியது விபத்தன்று. அதற்குக் கூறப்பட்ட விளக்கமே வியப்புக்குரியது. பிரிமணையைச் செய்து அன்பளிப்பாகக் கொடுத்திருந்த நாத்தனார், அடுக்களையிலிருந்து விரைந்து வந்து, சிந்திய குழம்பையோ விருந்தினரின் பல்லையோ கருதாமல், "என்ன அண்ணி, இதும்மேல போய்ப் பாத்திரத்தை வெச்சிருக்கீங்க! இது வைக்கிறதுக்கில்ல, சும்மா அழகுக்கு" என்றார்.

இக்கலை முழுவதற்குமான இலக்கணம் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. புதுப்பித்தல் என்பது ஒரு பொருளை அதன் வேலையிலிருந்து விடுவித்து, ஆனால் அதன் இடத்திலிருந்து விடுவிக்காமல் இருத்தலாகும். பழைய பிரிமணை உழைத்தது, தேய்ந்தது, போனது. புதுப்பிக்கப்பட்ட பிரிமணை உழைப்பதில்லை, ஆதலால் தேய்வதில்லை, ஆதலால் போவதுமில்லை. அது மேசையின் நடுவே நிரந்தரமாக அமர்ந்திருக்க, சூடான பாத்திரத்தை வைப்பதற்கு மடித்த கரித்துணியை வீட்டார் தேடிக்கொண்டிருக்கின்றனர். பிரிமணையைப் பற்றி இன்னும் ஒரே ஒரு செய்தியைக் கூறிவிட்டு மேற்செல்லலாம்: கரித்துணியும் பழைய பொருள்தான், அது ஒரு காலத்தில் புடவையாகவோ பனியனாகவோ இருந்தது, எந்தப் பசையும் இல்லாமல், எந்தச் சம்கியும் இல்லாமல், கிழித்த அந்த நொடியிலேயே அது புதிய வாழ்க்கையைத் தொடங்கிவிட்டது, அதை எவரும் புகைப்படம் எடுத்து உறவினருக்கு அனுப்புவதில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. பத்தமடைப் பாய் நெய்பவர்கள் தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, நெய்வது அதன்மேல் மனிதர் படுப்பதற்காகவே. செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான் முடையப்படுவது உள்ளே எதையாவது வைப்பதற்காகவே. இதும்மேல படுக்காதீங்க என்று பாய் நெய்பவர் எவரும் கூறியதாகத் தெரியவில்லை. பிரிமணை இத்துடன் முடிந்தது.

புதுப்பிக்கும் வழக்கத்தின் வேர்களைத் தேடினால் அது பள்ளிக்கூடத்தில் சென்று முடிகிறது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தது. நூற்பதும் நெய்வதும் அதில் உண்டு, உடுத்துவதற்கான துணியும் அதிலிருந்து கிடைத்தது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமூகத்துக்குப் பயனுள்ள உற்பத்தி வேலை என்னும் பாடப்பகுதியைப் பரிந்துரைத்தது. சமூகத்துக்கு, பயனுள்ள, உற்பத்தி, வேலை என்னும் நான்கு நல்ல கருத்துகளும் வகுப்பறையை அடைந்தபோது தெர்மோகோல் தாஜ்மகாலாகவும் ஐஸ் குச்சிப் பேனாத் தாங்கியாகவும் உருக்கொண்டன. அவற்றையும் இரவு பதினோரு மணிக்குத் தாய்மார்களே செய்து முடித்தனர். அத்தாய்மார்களின் கைகளில் அன்று ஒட்டிய பசை இன்னும் காயவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

வீணான பொருளிலிருந்து விநோதப் பொருள் செய்யும் போட்டிகளின் இன்றைய நிலை இதனினும் நுட்பமானது. அப்போட்டிகளுக்கு வேண்டிய ஐஸ் குச்சிகள் ஐஸின் முகத்தையே பாராதவை. ஸ்டேஷனரி கடையில் கட்டுக் கட்டாகப் புதிதாக விற்கப்படுபவை. குறுந்தகடு பயன்பாட்டிலிருந்து மறைந்துவிட்டதால், அதுவும் கைவேலைக்கென்றே புதிதாக வாங்கப்படுகிறது. காலி பாட்டில், வண்ணம் பூசுவதற்கென்று, காலியாகவே விற்பனைக்கு வருகிறது. வீணான பொருளைப் பயனுள்ளதாக்க வேண்டும் என்னும் கொள்கைக்காகப் பயனுள்ள பொருளை விலை கொடுத்து வாங்கி, வீணாக்கி, மேசையில் வைக்கும் இவ்வளர்ச்சியைப் பொருளாதார அறிஞர்கள் இன்னும் உரிய முறையில் கவனிக்கவில்லை.

அயல்நாட்டு முன்னோடிகளைக் காட்டி இக்கலைக்குப் பெருமை சேர்ப்பாரும் உளர். டெகூபாஜ் என்பது அச்சிட்ட படங்களைக் கத்தரித்து ஒரு பொருளின்மேல் ஒட்டி, பல முறை வார்னிஷ் பூசி, ஒட்டியதே தெரியாத அளவுக்கு வழவழப்பாக்கும் முறை; 18ஆம் நூற்றாண்டு வெனிஸ் நகரில், விலை உயர்ந்த கீழைநாட்டு அரக்குவேலைப் பொருளை வாங்க இயலாதவர்களுக்காக அது பரவியது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த மேரி டெலானி, 70 வயதைக் கடந்த பின் வண்ணத்தாளைக் கத்தரித்துப் பூக்களின் உருவங்களை ஒட்டத் தொடங்கி, ஆயிரத்துக்குச் சற்றே குறைவான படைப்புகளைச் செய்தார். அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. காகித நாப்கினிலிருந்து ரோஜாப் படத்தைக் கத்தரித்துச் சாப்பாட்டுத் தட்டின்மேல் ஒட்டுவோர் தங்களுக்குத் துணையாக அவரை அழைக்கும்போது ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அவர் தம் பூக்களைக் கருநிறத் தாளில் ஒட்டி ஏடுகளில் வைத்தார், ஒன்றின்மேலும் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடச் சொல்லவில்லை.

கிண்ட்சுகியின் கதையும் இத்தகையதே. உடைந்த பீங்கானை உருஷி என்னும் மரப்பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொன்தூள் தூவும் சப்பானிய முறை அது. உருஷி இறுகுவதற்கு ஈரப்பதம் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். விளிம்பு சிதைந்த ஊறுகாய் ஜாடிக்கு அதைச் செய்ய முற்படும் இல்லங்களில் உருஷிக்குப் பதிலாக உடனே ஒட்டும் பசையும், பொன்னுக்குப் பதிலாகத் துணிக்குப் பூசும் தங்கநிறச் சாயமும் பயன்படுத்தப்படுகின்றன. காயத்தின் அழகை உணர வேண்டும் என்று அதற்கு விளக்கமும் தரப்படுகிறது. ஆவக்காயில் தங்கநிறம் மிதப்பதைக் கண்டவர் உணர்வது வேறு.

உள்ளூரிலேயே உண்மையான புதுப்பித்தல் ஒன்று இருந்தது. தெருவில் கூவிக்கொண்டு வந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்தால் களிம்பு ஏறும். அதைத் தடுக்க உட்புறம் வெள்ளீயம் பூச வேண்டும். பூச்சு தேய்ந்தால் மீண்டும் பூச வேண்டும். ஈயம் பூசுபவர் வாசலில் குழி தோண்டி, துருத்தி வைத்து, பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவி, 232 பாகையில் உருகும் அவ்வீயத்தைத் துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றித் தேய்க்கும்போது, கருத்துக்கிடந்த உட்புறம் வெள்ளியாக மாறும். அதன்பின் அப்பாத்திரம் நேரே அடுப்புக்குச் சென்றது, ரசம் கொதித்தது. இதில் சமைக்கக் கூடாது, சும்மா அழகுக்கு என்று ஈயம் பூசுபவர் கூறியிருந்தால் அவருக்குக் கூலி கிடைத்திருக்காது. கூலி வாங்கியவர் பொருளைத் திரும்பவும் வேலைக்கு அனுப்பினார். கூலி வாங்காதவர்கள் பொருளுக்கு ஓய்வூதியம் வழங்குகின்றனர். பிந்தியவர்களைக் கண்டிப்பதும் எளிதன்று, ஏனெனில் அவர்கள் அனைவரும் உறவினர்.

கண்ணாடி பாட்டில்களைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். உள்ளே இருப்பது சர்க்கரையா உப்பா, எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை மூடியைத் திறக்காமலே காட்டுவது கண்ணாடியின் ஒரே சிறப்பு. அதன்மேல் அடி முதல் கழுத்து வரை சணல் கயிற்றைச் சுற்றி ஒட்டிவிட்டால் அச்சிறப்பு நீங்கி, கண்ணாடியின் ஏனைய குணங்களாகிய கனமும் உடையும் தன்மையும் மட்டும் எஞ்சுகின்றன. இரு பாட்டில்களுக்கும் ஒரே விதமாகக் கயிறு சுற்றுவது அழகியல் நெறி என்பதால், காப்பியில் உப்பு விழும் வாய்ப்பு சரிபாதி ஆகிறது. காலி ஜாம் பாட்டிலையும் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் கழுவாமல் எறிவதற்கு எந்தத் தமிழ் இல்லமும் துணியாது. இக்கட்டுரையை எழுதுபவரின் அலமாரியிலும் மூடியில்லாத பாட்டில்கள் ஒரு வரிசையாகவும், பாட்டில் இல்லாத மூடிகள் மற்றொரு வரிசையாகவும், என்றேனும் ஒரு நாள் சந்திக்கும் என்னும் நம்பிக்கையோடு வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை அம்மணமாக இருக்கின்றன; அதற்கேனும் மதிப்பளிக்க வேண்டும்.

பட்டுப்புடவைக் கரையை வெட்டி மேசையின் நடுவே நீள விரிப்பாக்கும் வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனித் தறிநாடாக்களால் நெய்யப்பட்டு, இழையோடு இழை கோக்கப்படுகின்றன என்பதையும், நெசவாளர் அத்தனை பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு கத்தரிக்கோல் சில நிமிடங்களில் பிரித்துவிடுகிறது என்பதையும் மட்டும் குறிப்பிட்டால் போதும். பழைய ஜரிகையை எடைபோட்டு வாங்குபவர் அதிலுள்ள வெள்ளிக்காவது விலை கொடுப்பார். மேசை விரிப்பு சாம்பாரைத்தான் பெற்றுக்கொள்கிறது. மஞ்சள்தூளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் பட்டில் ஆழப் பற்றிக்கொள்ளும். சோப்பின் காரம் பட்டால் சிவக்கும். வெயிலில் போட்டால் வெளுக்கும், ஆனால் வெயில் பட்டுக்கு ஆகாது. எனவே அவ்விரிப்பின்மேலும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போடப்படுகிறது. வாழையிலையில் உண்டவர்களுக்கு இத்தொல்லை எதுவும் இருந்ததில்லை. வேளைக்கு ஒரு புதிய பரப்பு விரிக்கப்பட்டது, உண்டு முடித்ததும் மடிக்கப்பட்டது, அதை வார்னிஷ் பூசிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாமலா போகும் என்று யாரேனும் இப்போது நினைக்கக்கூடும் என்பதால் இச்செய்தியை இங்கே எழுதியிருக்கக் கூடாது.

இனி, முன்னரே வாக்களித்தபடி, டேபிள் மேட், பாட்டில், தட்டு ஆகிய மூன்றையும் புதுப்பிக்கும் எளிய முறை.

முதற்படி, மேசையைக் காலி செய்தல். கைவேலைக்குச் சமமான, காலியான பரப்பு இன்றியமையாதது. பிஸ்தா ஓட்டுத் தாமரையின் எஞ்சிய பகுதியை அகற்றலாம், ஆனால் நாத்தனார் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். குறுந்தகட்டு கோஸ்டர்கள் ஆறும் மகளின் பள்ளியில் இரண்டாம் பரிசு பெற்றவை. மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பது அவற்றை எறிவதற்குப் போதிய காரணமாக ஏற்கப்படவில்லை. சணல் சுற்றிய பாட்டில்களுள் ஒன்றில் உப்பு இருக்கிறது, எதில் என்று தெரியும் வரை இரண்டையும் அசைக்கக் கூடாது. நீள விரிப்பு மாமியாரின் முகூர்த்தப் புடவை. அதைப் பற்றிப் பேச்செடுக்கவே வேண்டாம். தங்கக்கோடு போட்ட ஜாடியில் இவ்வாண்டு ஆவக்காய் ஊறிக்கொண்டிருக்கிறது. மாத்திரைகள் வேளைக்கு வேண்டும். மிக்ஸர் பொட்டலத்தை மட்டும் அகற்றலாம். அதை உண்டு முடித்துவிட்டால் அந்த ரப்பர் பேண்டும் மிஞ்சும், அதையும் எதற்காவது எடுத்து வைப்பார்கள்.

இரண்டாம் படி, முதற்படி நிறைவேறிய இல்லங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், அத்தகைய இல்லம் ஒன்று எங்கேனும் இருப்பதாகத் தெரியவரும்போது எழுதப்படும்.